படிவத்தில் இல்லாத ஒரு வரி

கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து மெரிபா அழுத்துகிறார். விரலை எடுத்ததும் அங்கே ஒரு பள்ளம் தெரிகிறது. கடிகாரம் பார்ப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் பாடும் பாட்டு ஒன்றின் முதல் சரணத்தை மூக்குக்குள் முனகுகிறார். இரண்டாம் அடிக்குள் பள்ளம் நிரம்பிவிட்டால், உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார். சரணம் முடிந்தும் பள்ளம் அப்படியே இருந்தால் பையிலிருந்து பேனாவை எடுப்பார். சிறையில் எல்லாருக்கும் இது தெரியும். மெரிபா பேனாவை எடுத்துவிட்டார் என்றால், அந்தப் படுக்கைக்காரனுக்கு அடித்தது யோகமா, வந்தது கேடா என்று மற்றவர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

வயது ஐம்பத்தேழு. அதில் இருபத்திரண்டு வருடம் சமோவா நாட்டின் உபோலு தீவில் உள்ள இந்தச் சிறையில் நர்ஸாகவே போய்விட்டது. கனத்த உடம்பு, மெல்லிய குரல். இடுப்பில் ஓலை விசிறி ஒன்று செருகியிருக்கும். ஈ ஓட்டவும், புழுக்கத்துக்கு விசிறிக்கொள்ளவும், சொன்ன பேச்சைக் கேட்காத கைதியின் மண்டையில் ஒன்று வைக்கவும் அதுவேதான். மார்பில் குத்தியிருக்கும் கடிகாரம் நின்று ஆறு வருடமாகிறது. கேட்டால், "யூனிபார்ம்னா அது இருக்கணும். அது ஓடணும்னு எங்க எழுதியிருக்கு?" என்பார். காலையில் கோகோவில் பிஸ்கட்டை முக்கி, அது ஊறி உடைந்து கோப்பைக்குள் விழுவதற்கு ஒரு நொடி முன்னால் வாயில் போட்டுக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. இத்தனை வருடத்தில் நாலு முறைதான் தவறவிட்டாராம்.

நோய் முற்றிய கைதியைத் தண்டனை முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு ஒரு படிவம். டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அழைத்துக்கொள்ளும் ஊரின் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் இருந்து பார்க்கும் நர்ஸ் தன் குறிப்பை எழுத வேண்டும். பிறகு அது முடிவு செய்யும் குழுவுக்குப் போகும். அனுப்பலாமா கூடாதா என்று ரேடியோவிலும் கோயில் வாசலிலும் சமோவாக்காரர்கள் சலிக்காமல் பேசுவார்கள். மெரிபாவை இழுத்தால், "நான் எந்தப் பக்கமும் இல்ல. நான் வீங்கின காலைப் பாக்குறவ. மிச்சத்தை நீங்க பேசிக்குங்க" என்று விசிறியை எடுத்துக்கொள்வார்.

அது முழு உண்மை அல்ல. அதற்குக் காரணம் சகாரியா.

சகாரியா குடிபோதையில் ஒருவனைப் பாட்டிலால் அடித்தான், அடிபட்டவன் இறந்துபோனான். சிறைக்கு வந்த நாலாம் வருடம் சகாரியாவின் சிறுநீரகம் கெட்டது. மூன்று மாதம் தாங்கமாட்டான் என்று டாக்டர் எழுதினார், மெரிபாவும் எழுதினார், குழு அனுப்பி வைத்தது. அவன் அக்கா வீட்டுக்குப் போனான். ஊரில் இலை மருந்து அரைத்துக் கொடுக்கும் பெண் ஒருத்தி பார்த்தாள். மூன்றாம் மாதம் எழுந்து உட்கார்ந்தான். ஆறாம் மாதம் நடந்தான். இது ஆறாவது வருடம். சனிக்கிழமைகளில் தலைநகர் ஆப்பியாவின் மார்க்கெட்டில் சேப்பங்கிழங்கு விற்கிறான். மெரிபாவின் தலை தெரிந்தால் போதும், "சிஸ்டர், நீங்க எழுதின மூணு மாசம் இன்னும் முடியல பாருங்க" என்று மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். இருப்பதிலேயே பெரிய கிழங்கை அவர் கூடையில் வைப்பான். அவன் கெட்டவன் அல்ல. நன்றி அவனுக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

ஒரு சனிக்கிழமை, மார்க்கெட்டுக்கு எதிரே துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண் மெரிபாவை நிறுத்தினாள்.

"மூணு மாசம்னு எழுதினது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"செத்துப்போனது எங்க அப்பா. இவனை வெளிய விட்டாங்கன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. போன மாசம் கடைக்கு வந்து சட்டைத்துணி கேட்டான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியல. நான் அளந்து வெட்டிக் குடுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிக் கடைக்குப் போய்விட்டாள். அன்று மெரிபா கிழங்கைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினார். வேண்டுமென்றுதான் விட்டார். "ஒருத்தன் பொழைச்சதுக்கு நர்ஸ் வருத்தப்படலாமா? ஆனா பட்டேன். பொய் சொல்ல மாட்டேன்" என்று பிறகு தன் கணவரிடம் சொன்னார்.

அடுத்து வந்த படிவத்திலிருந்து, கடைசியில் அச்சடித்த எழுத்து முடிந்து வெற்றிடம் தொடங்கும் இடத்தில், பேனாவால் ஒரு வரி சேர்த்தார். 'இறந்தவரின் வீட்டாரைக் கேட்டேன்.' அதன் கீழே அவர்கள் சொன்னது. சொன்னதை அப்படியே எழுதுவார், வசவாக இருந்தாலும். இதுவரை ஐந்து படிவத்தில் எழுதியிருக்கிறார். ஒரு வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில் ஈரப்பலாக்காயை எறிந்தார்கள். குறி தவறிவிட்டது, அதையும் எழுதினார். சூப்பிரண்டு அலபாத்திக்கு இந்த வரியைக் கண்டாலே ஆகாது. அவர் நல்ல மனிதர், ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிறது, அதுவரை எந்தத் தாளும் தன் மேஜைக்குத் திரும்பி வரக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை.

இந்த வருடம் மெரிபா பேனாவை எடுத்தது எசெகியாவின் படுக்கையருகே.

எசெகியாவுக்கு நாற்பத்தாறு வயது. சவாயி தீவில் வைதோலோ என்ற ஊர். பதினொரு வருடத்துக்கு முன் தோட்டத்து எல்லைத் தகராறில் பெசமினோ என்பவனைக் கத்தியால் வெட்டினான். பெசமினோ அங்கேயே விழுந்து இறந்தான். ஆயுள் தண்டனை. எசெகியா தச்சு வேலை தெரிந்தவன். மெரிபாவின் மருந்து அலமாரி அவன் செய்ததுதான். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவன் இதயத்தைக் கெடுத்து வைத்திருந்தது. இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறான். காலில் விரலை அழுத்தினால் சரணம் முடிந்தும் பள்ளம் மூடுவதில்லை.

"செத்தா எப்படியும் ஊருக்குக் கொண்டுபோய் எங்க அம்மா பக்கத்துல வைப்பாங்க சிஸ்டர். பொணமா போறதுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம்" என்றான். "உயிரோட ஒரு தடவை போகணும். எங்க அக்கா லாங்கி கையால ஒரு கோப்பை கோகோ. அப்புறம் என்ன ஆனாலும் சரி."

"குடிக்கிற தண்ணியே உனக்கு அளந்துதான். இதுல கோகோ வேற கேக்குதா?" என்று மெரிபா விசிறியால் அவன் தோளில் தட்டினார். வராந்தாவுக்கு வந்து நின்று கொஞ்ச நேரம் தனக்குத்தானே விசிறிக்கொண்டார்.

டாக்டர் இளைஞர். எத்தனை மாதம் என்று எழுத மறுத்துவிட்டார். "நம்பர் போடமாட்டேன் சிஸ்டர். சகாரியாவுக்கு எழுதின டாக்டரை மார்க்கெட்ல இன்னும் ஓட்டுறாங்க" என்றார். 'நிலைமை மிகவும் மோசம்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வைதோலோ ஊர்த் தலைவர் துயலோவின் கையெழுத்து அதற்கு முன்பே வந்துவிட்டது. துயலோ இறந்துபோன பெசமினோவின் பெரியப்பா. அந்தக் குடும்பத்துக்கே மூத்தவர்.

"பாத்தியா, செத்தவன் பெரியப்பாவே கையெழுத்துப் போட்டுட்டார்" என்றார் அலபாத்தி. "பதினொரு வருஷத்துக்கு முன்னாடியே பாய் போட்டு, பாயை எடுத்து, மன்னிச்சு முடிச்ச விஷயம். நீ ஒண்ணும் புதுசா எழுத வேண்டாம். அனுப்பிடு."

பாய் போடுவது என்றால் இங்கே குழந்தைக்கும் தெரியும். கொலை செய்தவனின் உறவெல்லாம் விடியும் முன் போய், இறந்தவன் குடும்பத் தலைவரின் வீட்டு முன்னால் மண்ணில் குனிந்து உட்கார்ந்து, தலைக்கு மேல் விலைமதிக்க முடியாத மெல்லிய பாயைப் போர்த்திக்கொள்ள வேண்டும். வெட்டினாலும் கேட்க நாதியில்லை. உள்ளே இருப்பவர் வந்து தலைப்பக்கம் பாயை எடுத்துவிட்டால் மன்னித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு பழி வாங்கப் பேச்சில்லை. எசெகியாவின் உறவுகள் இரண்டாம் நாளே துயலோ வீட்டு முன்னால் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் துயலோ பாயை எடுத்துவிட்டார். முறைப்படி எல்லாம் சரியாகவே நடந்தது.

மெரிபா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெசமினோவுக்குப் பொண்டாட்டி இருந்தாளே?"

"இருக்கா. மலாமான்னு பேரு. அந்த ஊர்லயேதான். அவளை என்ன கேக்கிறது? துயலோ சொல்லியாச்சே."

"நாளைக்கு வியாழக்கிழமை, எனக்கு லீவு" என்றார் மெரிபா.

பஸ்ஸில் இடம் இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பவரின் மடியில் உட்கார்ந்துகொள்வது இங்கே வழக்கம். மெரிபாவின் மடி அகலமானது, சும்மா போவதில்லை. அன்று படகுத்துறைக்குப் போகும் பஸ்ஸில் அதில் உட்கார்ந்தது ஒரு நடுத்தர வயதுப் பெண். அவள் மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டி. ரேடியோவில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்: சாகப்போகிறவனை அடைத்து வைப்பது கிறிஸ்தவ நாட்டுக்கு அழகா?

"செத்தவன் மட்டும் வீட்டுல பாயில படுத்தா செத்தான்?" என்று டிரைவர் ரேடியோவுக்குப் பதில் சொன்னான்.

"எல்லாம் அந்த ஜெயில் நர்ஸ் பண்ற வேலை" என்றாள் மடியில் இருந்தவள். "பன்னி வாங்கிக்கிட்டு, சாகப்போறான்னு எழுதிக் குடுத்துடுறாளாம்."

"எத்தனை பன்னியாம்?" என்று கேட்டார் மெரிபா.

"ரெண்டுன்னு கேள்வி."

"கம்மியா இருக்கே."

"உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

"ஏதோ தெரியும். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கால் மரத்துப்போச்சு."

துயலோவைப் பார்க்காமல் அந்த ஊரில் வேறு யாரையும் பார்க்க முடியாது. மெரிபா பிஸ்கட் டின்னை முன்னால் வைத்துச் சம்மணமிட்டு உட்கார்ந்து, சொல்ல வேண்டிய மரியாதைச் சொற்களையெல்லாம் சொன்னார். துயலோவுக்கு எண்பதை நெருங்கும் வயது. தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனேம்மா. வந்து சேரலையா?"

"வந்துச்சுங்க ஐயா. மலாமாவையும் ஒரு வார்த்தை கேக்கலாம்னு."

"எதை?"

"எசெகியா வர்றதைப் பத்தி."

பெரியவர் தூணிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் பாயை எடுத்தேன். எங்க குடும்பமே எடுத்த மாதிரி. மலாமா எங்க வீட்டுக்கு வாழ வந்தவ. ஆறிப்போன புண்ணைக் கிளறிப் பாக்கவா படகு ஏறி வந்தே?"

"ஆறிடுச்சுன்னா பாத்துட்டுப் போயிடுறேங்க ஐயா. அது என் தொழில்தானே."

துயலோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகவே அவருக்குக் கோபமும் வந்தது. "போ. எதிர் வீட்டுக்குப் பின்னாடி அடுக்களையில இருப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மலாமாவின் அடுக்களை சாலையோர வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மெரிபா எதிரே கிடந்த இன்னொரு துருவுபலகையில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு மூடியை எடுத்துத் துருவத் தொடங்கினார். மூன்றாவது மூடியில் தான் யார் என்று சொன்னார். நாலாவது மூடியில் எதற்கு வந்தேன் என்று சொன்னார்.

மலாமாவின் கை நிற்கவில்லை.

"மன்னிச்சாச்சுன்னுதானே அக்கா சொல்றாங்க. என்னை எதுக்குக் கேக்கிறீங்க?"

"நீங்க மன்னிச்சீங்களான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படி எழுதுறது?"

மலாமா மூடியைத் திருப்பிப் பிடித்துத் துருவினாள்.

"அன்னைக்கு நான் இங்கதான் இருந்தேன்" என்றாள் மலாமா. "இதே பலகையில. வந்தவங்களுக்குச் சமைக்கிறது வாழ வந்த பொம்பளைங்க வேலைதானே. என் வீட்டுக்காரர் உடம்பு அப்ப இன்னும் ஆஸ்பத்திரியில இருந்து வரல. நான் கோகோ காய்ச்சிக்கிட்டிருந்தேன். யாருக்குன்னு கேக்கல. அப்புறம் ஒருத்தன் வந்து, இன்னும் இருபது கோப்பை வேணும், அவங்களும் உள்ள வந்து உக்காந்துட்டாங்கன்னான். அப்பத்தான் எனக்குத் தெரியும், பாயை எடுத்தாச்சுன்னு." துருவலைக் கையால் வழித்துச் சட்டியில் போட்டாள். "இருபது கோப்பையும் நான்தான் ஊத்தினேன். அவன் அக்காவுக்கும் ஊத்தினேன். சர்க்கரை போட்டேன்."

மெரிபாவும் ஓர் ஊருக்கு வாழப் போனவர்தான். முப்பது வருடமாக எத்தனை சடங்குக்கு அடுக்களையில் இருந்து கோப்பை அனுப்பியிருக்கிறார் என்று கணக்கில்லை. இன்னொரு மூடியை எடுத்துக்கொண்டார்.

"அவன் நிஜமா சாவானா?" என்று கேட்டாள் மலாமா. "உங்க மார்க்கெட் ஆள் கதை இங்கயும் வந்தாச்சு. நாளைக்கு இவனும் பொழைச்சு எழுந்து, தோளுல கத்தியை வெச்சுக்கிட்டு இந்த ரோட்டுல தோட்டத்துக்குப் போனா, நான் இங்க உக்காந்து பாக்கணுமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு தடவை எழுதி அவமானப்பட்டவ நான்." மெரிபா அவள் காலைப் பிடித்துக் கணுக்காலுக்கு மேலே அழுத்தினார். விரலை எடுத்ததும் தோல் உடனே பழையபடி ஆனது. "இது உங்க கால். இப்ப என்னோடதைப் பாருங்க." தன் பாவாடையை ஒதுக்கி அழுத்தினார். சின்னதாக ஒரு பள்ளம் விழுந்தது. பாட்டை முனகினார். இரண்டாம் அடியில் நிரம்பியது. "எனக்கே கொஞ்சம் தண்ணி இருக்கு. வயசு. எசெகியாவுக்கு முழுச் சரணம் பாடினாலும் மூடறதில்ல. என்கிட்ட இருக்கிற சாட்சி அது ஒண்ணுதான்."

மலாமா குனிந்து மெரிபாவின் காலைத் தானே ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். அழுத்தமான விரல், மெரிபாவுக்கு வலித்தது.

"ஆமான்னு எழுதாதீங்க. இல்லைன்னும் எழுதாதீங்க" என்றாள். "அன்னைக்கு என்னைக் கேக்காம பதில் சொன்னாங்க. இன்னைக்குக் கேட்டிருக்கீங்க. கேட்ட உடனே பதில் சொல்லணும்னு இருக்கா?"

"இல்ல."

"அவனைக் கொண்டுவந்தா இந்த ரோட்டுலதான் வரணும். வேற வழி கிடையாது. என் வீட்டு முன்னாடி வண்டியை நிறுத்துங்க."

"நிறுத்தி?"

"நிறுத்துங்க."

வெள்ளிக்கிழமை காலையில் மெரிபா எழுதிய வரி இது: 'இறந்தவரின் மனைவியைக் கேட்டேன். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வழியில் தன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார்.'

அலபாத்தி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மெரிபா, இதை யாராவது படிச்சா அனுப்புவாங்களா? நிறுத்தச் சொன்னாளாம். எதுக்கு? அவ கையில அரிவாள் இருந்தா? அழிச்சிடு. துயலோ கையெழுத்து ஒண்ணே போதும், திங்கட்கிழமையே முடிஞ்சிடும். இந்த வரியால அவன் இங்கயே செத்தா அந்தப் பாவம் உனக்குத்தான்."

"தெரியும்" என்றார் மெரிபா.

"தெரிஞ்சுமா?"

"அவ சொல்லிட்டா, நான் எழுதிட்டேன். அழிக்கணும்னா நீங்க அழிச்சு, பக்கத்துல உங்க கையெழுத்தைப் போடுங்க சார்."

கையெழுத்து என்றதும் அலபாத்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படிவம் அப்படியே குழுவுக்குப் போனது.

பதினொரு நாள் ஆயிற்று. மெரிபா வேறெந்தப் படிவத்துக்கும் இப்படித் தவித்ததில்லை. வாயிலருகே வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து பார்ப்பார். அந்த நாட்களில் பிஸ்கட் இரண்டு முறை கோப்பைக்குள் விழுந்தது. எசெகியாவின் கண்ணிமையும் வீங்கிவிட்டது. காலில் அழுத்தினால் ஒரு சரணம் போதவில்லை. இரண்டாம் சரணத்துக்கும் போக வேண்டியிருந்தது. மலாமா சொன்னதை மெரிபா அவனிடம் மறைக்கவில்லை. அவன், "நிறுத்தட்டும்" என்றான். பிறகு, "நீங்க போய்க் கேட்டது நல்லதுதான் சிஸ்டர். நான் கேட்டிருக்கணும்" என்றான்.

பன்னிரண்டாம் நாள் அனுமதி வந்தது. அந்த வரியைப் பார்த்துக் கொடுத்தார்களா, பார்க்காமல் கொடுத்தார்களா என்று யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை முதல் படகில் ஏற்றினார்கள். வார்டர் தோவியா பிக்கப்பை ஓட்டினான். பின்னால் மெத்தை போட்டு, மூன்று தலையணை வைத்து எசெகியாவைச் சாய்த்திருந்தார்கள். சவாயித் துறையில் லாங்கி ஏறிக்கொண்டு, தம்பிக்கு வெயில் படாமல் வீட்டில் படுக்கிற பாயை மேலே போர்த்தினாள். மெரிபா முன்னால் உட்கார்ந்து வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவன் மூச்சு வாங்கியது. ஆனால் கடல் தெரியும் பக்கமாகவே முகத்தை வைத்திருந்தான்.

வைதோலோவில் அவர்கள் வருவது முன்பே தெரிந்திருந்தது. துயலோ தன் வீட்டில் தூணருகே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னும் நாலைந்து பெரியவர்கள். எதிர்ச்சாரியில் மலாமாவின் வீட்டு முன்னால் தோவியா வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை.

"சிஸ்டர், ஏதாச்சும்னா நான் வண்டியை எடுத்துடுவேன்" என்றான்.

"எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மெரிபா இறங்கினார்.

மலாமா அடுக்களைப் பக்கத்திலிருந்து வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. தேங்காய்த் துருவல் மட்டும் மணிக்கட்டு வரை ஒட்டியிருந்தது. அதை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே நடந்தாள். லாங்கி அவளைப் பார்க்க மாட்டாமல் தலையைக் கவிழ்த்தாள். எசெகியா பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், மூச்சு வரவில்லை. தானே பாயின் விளிம்பைப் பிடித்து இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டான். எதிர்ச்சாரியில் துயலோ எழுந்து நின்றார். பெரியவர்களும் எழுந்தார்கள். எல்லாருடைய கண்ணும் அந்தப் பாயின் தலைமாட்டில் இருந்தது.

மலாமா தலைமாட்டுக்குப் போகவில்லை. வண்டியின் பின்பக்கம் போய், கால்மாட்டில் பாயைத் தூக்கினாள். வீங்கிப் பளபளத்த கால் வெயிலில் தெரிந்தது. கணுக்காலுக்கு நாலு விரல் மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள், எடுத்தாள், குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மெரிபாவின் மூக்குக்குள் பாட்டு தானாகத் தொடங்கியது. சரணம் முடிந்தது. பள்ளம் அப்படியே இருந்தது. இரண்டாம் சரணமும் முடிந்தது. மலாமா இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பாயை இறக்கி, வெளியே நீட்டியிருந்த பாதத்தையும் மூடினாள். வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில், புறப்படலாம் என்று டிரைவருக்குச் சொல்வதற்கு எல்லாரும் தட்டுவது போல, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.